நிமிஷத்துக்கு 127 சுற்று

ரிச்சர்ட்ஸ் பே நங்கூரப் பகுதி,
தென்னாப்பிரிக்கா

அன்புள்ள மாப்ளைக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. பட்டறைக்கு இன்னொரு லேத் வாங்கிப் போட்டதை என்னவோ கடையில் தேங்காய் வாங்கியது போலச் சொல்கிறாய், அதற்கு எனக்கு ஒரு விருந்து பாக்கி. மருமகன் பிளஸ் டூ முடித்துவிட்டு மரைன் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானா? சரி, அதற்குப் பின்னால் வருகிறேன். நடுவில் நீ ஒன்று கேட்டாயே, “ஊரில் ரெண்டு ஸ்ட்ரோக் வண்டியையெல்லாம் புகை, புகை என்று ஒழிச்சாச்சு, டிவிஎஸ் எக்ஸ்எல்கூட நாலு ஸ்ட்ரோக் ஆயிடுச்சு, இவ்வளவு பெரிய கப்பலில் இன்னும் அதையா ஓட்டுறீங்க?” என்று. அதற்கு வாய்ஸில் பதில் சொன்னால் பாதியிலேயே வேறு கதைக்குப் போய்விடுவேன். நிலக்கரி ஏற்ற எங்கள் முறை வரும்வரை கப்பல் நங்கூரத்தில்தான் கிடக்கும். அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

உனக்குத் தெரிந்ததுதான்: பிஸ்டன் ஒரு தடவை ஏறி இறங்குவதற்குள் ஒரு முறை எரிந்தால் ரெண்டு ஸ்ட்ரோக், இரண்டு தடவை ஏறி இறங்குவதற்குள் ஒரு முறை எரிந்தால் நாலு ஸ்ட்ரோக். இந்தக் கப்பலில் இரண்டு வகையும் இருக்கிறது. கரண்டுக்கு மூன்று ஜெனரேட்டர்கள், எல்லாம் நாலு ஸ்ட்ரோக், 900 சுற்றில் ஓடுபவை. அவற்றை உன்னிடம் விட்டால் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டிவிடுவாய். உன் பட்டறைக்கு வரும் விசைப்படகு இன்ஜினுக்கு அண்ணன் அவ்வளவுதான். மெயின் இன்ஜின்தான் ரெண்டு ஸ்ட்ரோக். மேன் பி அண்ட் டபிள்யூ டிசைன், 6எஸ்50எம்சி-சி. பெயரிலேயே பாதி விவரம் இருக்கிறது: ஆறு சிலிண்டர், போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 50 சென்டிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரமான ஸ்ட்ரோக் எவ்வளவு தெரியுமா? இரண்டு மீட்டர். முழு வேகத்தில் நிமிஷத்துக்கு 127 சுற்று, 9,480 கிலோவாட், நம் கணக்கில் ஏறக்குறைய 12,900 குதிரைத்திறன். எடை 200 டன்னுக்கு மேல். பெரிய கண்டெய்னர் கப்பல்களுக்கு முன்னால் இதுவும் சின்னதுதான். 2006-இல் வந்த எம்மா மார்ஸ்க்கில் 14 சிலிண்டர், 96 சென்டிமீட்டர் போர், 80,080 கிலோவாட். சுற்று மட்டும் இதைவிடக் குறைவு, 102.

ஏன் இவ்வளவு மெதுவாக? புரொப்பல்லர் அப்படிக் கேட்கிறது. பெரிய புரொப்பல்லரை மெதுவாகச் சுற்றினால்தான் தண்ணீரைத் தள்ளுவதில் லாபம். சின்னதை வேகமாகச் சுற்றினால் தண்ணீரைக் கலக்குவதிலேயே எரிபொருள் எண்ணெய் வீணாகும். நீ படகில் இன்ஜின் வேகத்தை கியர்பாக்ஸ் போட்டுக் குறைக்கிறாய். இங்கே கியரே கிடையாது, கிளட்சும் கிடையாது. பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் நேரடியாக ஒன்றோடு ஒன்று. அவ்வளவு மெதுவாகச் சுற்றிக்கொண்டே இத்தனை சக்தி வேண்டுமென்றால், பிஸ்டன் கீழே வரும் ஒவ்வொரு தடவையும் வேலை செய்தாக வேண்டும். ஒரு தடவை வேலை, ஒரு தடவை சும்மா மூச்சு விடுவதற்கு என்று நாலு ஸ்ட்ரோக் கணக்கில் போனால், இதே சக்திக்கு இன்ஜினை இன்னும் பெரிதாகக் கட்ட வேண்டியிருக்கும்.

ஊர் ரெண்டு ஸ்ட்ரோக்குக்கு ஏன் கெட்ட பெயர் வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் கலவையே கிராங்க் சுற்றும் அடிப்பெட்டியான கிராங்க்கேஸ் வழியாக ஏறி, எரிந்த புகையைத் தள்ளிக்கொண்டே வரும். அதில் கொஞ்சம் எரியாமலேயே புகையோடு சேர்ந்து சைலன்சருக்குப் போய்விடும். கூடவே நாம் கலந்து ஊற்றிய ஆயிலும். இங்கே உள்ளே நுழைவது வெறும் காற்று. சிலிண்டரின் உள்சுவரான லைனரின் அடியில் சுற்றிலும் துளைகள், மேலே மூடியான ஹெட்டின் நடுவில் ஒரே ஒரு எக்ஸாஸ்ட் வால்வு. பிஸ்டன் அடிக்கு இறங்கியதும் கீழிருந்து காற்று சுழன்றுகொண்டே ஏறி, புகையை மேல்வழியாக வெளியே தள்ளிவிடும். எக்ஸாஸ்ட் வால்வு மூடி, காற்று அழுந்திச் சூடான பிறகுதான் எண்ணெய் பீச்சப்படும். அதனால் எரியாத எண்ணெய் வீணாகப் போக வழியே இல்லை. கொடுத்த எண்ணெயின் சக்தியில் ஏறக்குறைய பாதியை இந்த இன்ஜின் ஷாஃப்ட்டில் கொடுத்துவிடும். கரையில் எந்த லாரி இன்ஜினும் சாதாரணமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

ஒரு குறை உண்டு. இதற்குத் தானாக மூச்சு இழுக்கத் தெரியாது. ஓட்டத்தில், வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றும் டர்போசார்ஜர் காற்றை ஊட்டும். கிளம்பும்போதும் மெதுவாக ஓடும்போதும் புகையில் டர்போவைச் சுற்றும் அளவுக்குத் தெம்பு இருக்காது, அப்போது கரண்டில் ஓடும் பிளோயர்தான் காற்றைத் தள்ள வேண்டும். பிளோயர் படுத்துவிட்டால் துறைமுகத்துக்குள் எங்கள் பாடு திண்டாட்டம்தான்.

ஆனால் ரெண்டு ஸ்ட்ரோக்கா, நாலு ஸ்ட்ரோக்கா என்ற கேள்வியே எனக்கு இரண்டாம்பட்சம். இந்த இன்ஜினின் உயிர் கிராஸ்ஹெட்டில் இருக்கிறது. உன் இன்ஜினில் பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு நேராக பிஸ்டனுக்குள் கட்ஜன் பின்னில் மாட்டியிருக்கும். ராடு சாயும்போதெல்லாம் பிஸ்டன் லைனரின் பக்கவாட்டில் அழுத்தும். லைனர் ஓவலாகத் தேய்ந்து வருவதை நீ எத்தனை தடவை அளந்திருப்பாய். இங்கே பிஸ்டனுக்கு அடியில் நீளமாக ஒரு ராடு, அது நேர்க்கோட்டில் மட்டும்தான் ஏறி இறங்கும். அதன் கீழ்முனை கிராஸ்ஹெட் என்ற இணைப்புக் கட்டையில் உட்கார்ந்திருக்கும். கனெக்டிங் ராடு அங்கிருந்துதான் தொடங்கும். சாய்வால் வரும் அழுத்தத்தை எல்லாம் கிராஸ்ஹெட்டின் இரண்டு பக்கமும் வழுக்கி ஓடும் ஷூக்கள் கைடு என்ற நேர்த்தடத்தில் வாங்கிக்கொள்ளும், லைனருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஸ்ட்ரோக்கை இரண்டு மீட்டருக்கு நீட்ட முடிந்ததே இதனால்தான்.

இதைவிடப் பெரிய லாபம் அந்த பிஸ்டன் ராடு இறங்கும் இடத்தில் இருக்கிறது. சிலிண்டருக்கும் கிராங்க்கேஸுக்கும் நடுவில் ஒரு தட்டு, ராடு அதைத் துளைத்து வரும் இடத்தில் கசிவை அடைக்கும் ஸ்டஃபிங் பாக்ஸ். மேலே எவ்வளவு கரியும் கசடும் சேர்ந்தாலும் கீழே கிராங்க்கேஸ் ஆயிலுக்குப் போகாது. அதனால் இரண்டு ஆயில் வைத்துக்கொள்ளலாம். கீழே இருப்பதை பியூரிஃபையரில் சுத்தம் செய்து, அவ்வப்போது லேபுக்கு சாம்பிள் அனுப்பி, வருஷக்கணக்கில் ஓட்டுவோம். லைனருக்குத் தனியாக சிலிண்டர் ஆயில். அது போனால் போனதுதான், திரும்பி வராது. எண்ணெயில் உள்ள கந்தகம் எரிந்து அமிலமாகி லைனரை அரிக்கும், அதை முறிக்க இந்த ஆயிலில் காரம் சேர்த்திருப்பார்கள். ஜெனரேட்டரில் இந்த வசதி கிடையாது. ஒரே ஆயில் எல்லா வேலையையும் பார்த்து, கறுத்து, கெட்டுப்போகும். மணிக்கணக்கு பார்த்து மாற்ற வேண்டும், உன் படகுகளைப் போலவே.

அந்தத் தட்டு இருக்கிற தைரியத்தில்தான் கப்பல்கள் இத்தனை வருஷம் ரிஃபைனரியின் அடிமண்டியை வாங்கி எரித்தன. குளிரில் தார் மாதிரி உறைந்து கிடக்கும், 130 டிகிரிக்குப் பக்கம் சூடாக்கினால்தான் இன்ஜெக்டரில் பீச்சும் பதத்துக்கு வரும். 2020 ஜனவரி முதல் கந்தகம் அரை சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்துவிட்டது. அதற்கு முன்பு மூன்றரை வரை போகலாம். சிலிண்டர் ஆயிலையும் அதற்குத் தகுந்தாற்போல் காரம் குறைந்ததாக மாற்ற வேண்டியிருந்தது. பழைய ஆயிலையே ஊற்றினால் முறிக்க அமிலம் இல்லாமல் காரம் மிஞ்சி, பிஸ்டன் தலையோரத்தில் வெள்ளையாகக் கெட்டியாகப் படியும். அது லைனரைத் தேய்த்துக் கண்ணாடி போல ஆக்கிவிடும். கண்ணாடியில் ஆயில் நிற்காது என்பது உனக்குத் தெரியும்.

நேற்று அதைப் பார்க்கத்தான் உள்ளே போனேன். ஸ்டார்ட்டிங் ஏர் வால்வை மூடி, இன்ஜினை மெதுவாகச் சுற்றும் டர்னிங் கியரை மாட்டி, காற்றில் ஆக்சிஜன் அளந்து, பெர்மிட்டில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் சிலிண்டருக்குக் காற்று போகும் அறையின் கதவை, ஸ்கேவெஞ்ச் கதவை, திறப்போம். உள்ளே சூடும் எண்ணெய்ப் பிசுக்கும். முட்டி போட்டுத்தான் நகர முடியும். ஃபிட்டர் வெளியே நின்று டர்னிங் கியரை ஓட்ட, பிஸ்டன் அங்குலம் அங்குலமாக இறங்கும். லைனர் துளைகளுக்கு நேரே பிஸ்டனைச் சுற்றியுள்ள ஒவ்வொரு ரிங்காக வரும்போது டார்ச் அடித்துப் பார்ப்பேன். ரிங்கின் முகம் ஈரமாக மினுங்கினால் சரி. வறண்டு கறுத்திருந்தால் புகை கீழே கசிகிறது என்று அர்த்தம். ஒரு மரக்குச்சியால் ரிங்கை அழுத்துவேன். ஸ்பிரிங் போலத் திரும்பி வந்தால் உயிரோடு இருக்கிறது, அசையாமல் கிடந்தால் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டது அல்லது உடைந்துவிட்டது. நாலாம் சிலிண்டரில் இரண்டாம் ரிங் மந்தமாக இருக்கிறது. அடுத்த துறைமுகத்தில் நேரம் கிடைத்தால் பிஸ்டனைத் தூக்க வேண்டும். ஹெட்டைக் கழற்றாமலேயே இவ்வளவும் பார்த்துவிடலாம் என்றால் உனக்குப் பொறாமையாக இருக்கும்.

ரிவர்ஸ் எப்படி என்று கேட்டாய். கியர் இல்லாததால் இன்ஜினையே நிறுத்தி, எதிர்ப்பக்கமாகச் சுற்ற வைக்க வேண்டும். ஃபியூயல் பம்பின் ரோலர்கள் காற்றழுத்தத்தில் இடம் மாறும், 30 பார் காற்று சிலிண்டருக்குள் பாய்ந்து கிராங்க்கைத் திருப்பிவிடும், பிறகு எண்ணெய். காற்று பாட்டிலை மறுபடி நிரப்பாமல் முன்னும் பின்னுமாக 12 ஸ்டார்ட் கொடுக்க முடிய வேண்டும் என்பது விதி. துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்ட ஏறும் பைலட் அடிக்கடி மனசு மாறுபவராக வந்தால் அந்தக் கணக்கும் எங்கள் வயிற்றைக் கலக்கும்.

நாலு ஸ்ட்ரோக்கைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதே. 1912-இல் கோபன்ஹேகனில் கட்டி பாங்காக் வரை போய்த் திரும்பிய செலாண்டியா, டீசலில் பெருங்கடல் ஓடிய முன்னோடிக் கப்பல். அதில் இருந்த இரண்டு இன்ஜினும் நாலு ஸ்ட்ரோக்தான். இன்றைக்கும் பயணிகள் கப்பல், ஃபெர்ரி, டக் என்னும் இழுவைக் கப்பல் எல்லாம் பெரும்பாலும் அதில்தான் ஓடுகின்றன. அங்கே மூன்று மாடி உயர இன்ஜினுக்கு இடம் ஏது? குயீன் மேரி 2-இல் 16 சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் இன்ஜின்கள் நான்கு கரண்டு உற்பத்தி செய்கின்றன, அந்தக் கரண்டில்தான் புரொப்பல்லர் சுற்றுகிறது. ஒன்று பழுதானால் மற்றது இருக்கிறது. என் கப்பலில் மெயின் இன்ஜின் ஒன்றுதான், நின்றால் கப்பலும் நின்றது.

மருமகனிடம் சொல்: நாலு வருஷப் படிப்புக்கு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வான ஐஎம்யு சிஇடி எழுத வேண்டும். ‘சீட்டும் வேலையும் சேர்த்தே வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்கும் எவனையும் வாசலோடு அனுப்பிவிடு. இப்போது சில கப்பல்கள் திரவ இயற்கை எரிவாயுவான எல்என்ஜியில் ஓடுகின்றன, 2023-இல் மெத்தனாலில் ஓடும் லாரா மார்ஸ்க் வந்துவிட்டது, அம்மோனியாவுக்கும் இன்ஜின் செய்கிறார்கள். வால்வையும் பம்பையும் இயக்கும் கேம்ஷாஃப்ட் இல்லாமல் கம்ப்யூட்டரே வால்வையும் எண்ணெயையும் பார்த்துக்கொள்ளும் இன்ஜின்தான் புதுக் கப்பல்களில். ஆனால் எரிபொருள் எதுவானாலும், அந்தப் பெரிய கப்பல்களில் கிராஸ்ஹெட்டும் ஸ்டஃபிங் பாக்ஸும் அப்படியே இருக்கின்றன. அதனால் லீவில் அவனை உன் பட்டறையில் உட்கார வை. வால்வைத் தேய்த்து லேப் பண்ணவும் மைக்ரோமீட்டர் பிடிக்கவும் தெரிந்துகொண்டு வருகிற பையனை எந்தச் சீஃப் இன்ஜினியரும் விடமாட்டான்.

கரி ஏற்றி எங்கே போகிறோம் என்று இன்னும் ஆர்டர் வரவில்லை. தூத்துக்குடியாக இருந்தால் முந்தின நாளே மெசேஜ் போடுகிறேன், கேட் பாஸ் வாங்க ஆதார் அட்டையோடு தயாராக இரு. தங்கச்சியையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல். அம்மா கண்ணில் சொட்டு மருந்து விடுவதை நிறுத்திவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் மச்சான்