பரணில் கிடைத்த உன் அப்பா கேசட்

அன்புள்ள சேகர்,

நாங்கள் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது, படி ஏற முடிகிறதா?

போன வாரம் வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தபோது ஒரு பெட்டியில் 11 வீடியோ கேசட் கிடைத்தது. அதில் ஒன்றின் முதுகில் உன் கையெழுத்து, 'அப்பா 60, திருக்கடையூர், 1993'. உங்கள் வீட்டில் அப்போது கேசட் போட்டுப் பார்க்கிற டெக் கிடையாதே, எங்கள் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு இங்கேயே விட்டுப் போயிருக்கிறாய்.

சரி, போட்டுப் பார்க்கலாம் என்றால் டெக் ஓடவில்லை. உள்ளே ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டிக்கிடக்கிறது. புது டெக்குக்கு எங்கே போவது? கடைசிவரை செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியே 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது, உதிரிபாகம் கிடைக்கவில்லை என்பதும் அவர்கள் சொன்ன ஒரு காரணம். அதற்கு முந்தின வருஷம்கூட ஏழரை லட்சம் டெக் விற்றிருக்கிறார்கள். அதே 2016 மார்ச்சில்தான் சோனியும் பீட்டாமாக்ஸ் என்ற தன் வகை கேசட்டை நிறுத்தியது. 1975-இல் வந்த அதுவும், 76-இல் வந்த நம் வி.எச்.எஸ். வகையும் அப்படிப் போட்டி போட்டவை, இரண்டும் ஒரே வருஷத்தில் போய்விட்டன.

கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் விளிம்பில் மாவு தூவியது போல வெள்ளைப் பூஞ்சை. அப்படியே போட்டிருந்தால் போச்சு, நம் ஊர் டெக்கில் நாடாவைப் படிக்கிற ஹெட் பொருத்திய டிரம் நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றும், பூஞ்சை ஹெட்டை அடைத்து, அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். முன்பு கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் தஞ்சாவூரில் இன்னமும் இரண்டு டெக்கைக் காப்பாற்றி வைத்திருக்கிறார், அவரிடம் கொடுத்தேன். கேசட்டைத் திருகு கழற்றித் திறந்து, நாடாவை மெதுவாகச் சுற்றவிட்டுத் துடைத்து, வேறு கூட்டில் மாட்டி, அப்புறம்தான் ஓட்டினார். அரை நாள் வேலை. இரண்டு டெக்கிலும் ஹெட் தேய்ந்துகொண்டே வருகிறது, இன்னும் எத்தனை வருஷம் ஓடும் என்று சொல்ல முடியாது என்றார்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு சேகர். என் கல்யாணக் கேசட்டை 2004-இல் ஒரு கடையில் கொடுத்து சி.டி.யாக மாற்றி வாங்கினேன், இனி இது எதற்கு என்று கேசட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இன்று அந்த சி.டி. எந்த மெஷினிலும் திறக்கவில்லை. கேசட் இருந்திருந்தால் ஓரளவாவது மீட்டிருக்கலாம். அதில் இருந்த என் அக்கா, மாமா யாரையுமே இப்போது பார்க்க முடியவில்லை. அதனால்தான் சொல்கிறேன், உன் தங்கை வீட்டில் கேசட் ஏதாவது இருந்தால் உடனே அனுப்பு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே. காப்பி எடுத்த பிறகும் மூலத்தை எறியாதே.

உன் அப்பா படம் நன்றாகவே வந்திருக்கிறது, ஓரங்களில் மட்டும் கலர் சிவப்பாக வழிகிறது. பென்டிரைவில் போட்டுக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன், ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு காப்பி என்னிடம் இருக்கிறது. அம்மாவோடு உட்கார்ந்து பார். 40-வது நிமிஷம் வரும்போது சத்தத்தைக் கூட்டி வை, கலச நீர் ஊற்றும்போது அப்பா குனிந்து அம்மாவிடம் "குளிருதா?" என்று கேட்கிறார், நாதஸ்வரத்துக்கு நடுவே லேசாகத்தான் கேட்கும்.

அன்புடன்,
கணேசன்