நார்த்தாமலைக்கு மார்கழியில் வா

அன்பு மகளுக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருக்க வேண்டுகிறோம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியபோது, பதினோரு ஆண்டுகளில் ஒரு பங்குனித் திருவிழாவுக்குக்கூட நார்த்தாமலைக்கு வர இயலவில்லையே என்று நீ வருந்தியது என் மனத்திலேயே நிற்கிறது. மெல்போர்னில் பிள்ளைகளின் நீண்ட விடுமுறை டிசம்பர் பின்பாதியில் தொடங்கி ஜனவரியோடு முடிந்துவிடுகிறது. இங்கே பூச்சொரிதலும் பால்குடமும் தேரும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. பேரன் பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை இந்தக் கணக்கு மாறப்போவதில்லை. அதனால் திருவிழாவை எண்ணி ஏங்காமல் மார்கழியிலேயே வந்து, நார்த்தாமலைக் குன்றுகளில் விஜயாலய சோழீசுவரம் என்ற பழைய கோயில் இருக்கிற, நாம் இதுவரை ஒருமுறையும் ஏறாத மேலமலைக்கு ஒரு காலைப்பொழுதில் போய் வருவோம் என்று சொல்ல நினைத்தேன். ஆறு வயதுக் குழந்தையின் கால் அந்தப் பாறையில் நிற்குமா என்று தெரியாமல் அழைப்பது முறையன்று என்பதால், நேற்று விடியுமுன்பே நமக்குத் தெரிந்த ஆட்டோவை வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

உனக்கு ஐந்து வயதில் அம்மை போட்டிருந்தபோது, அம்மா முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள். அது முதல் ஆண்டு தவறாமல் பங்குனியில் போனோம். தேருக்குப் புதுக்கோட்டை மாவட்டம் முழுவதும் உள்ளூர் விடுமுறை விடுகிற திருவிழாவில், அலகுக்காவடிகளுக்கு இடையே உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்ற நாட்களில் ஒரு நாள், அந்த மொட்டைப் பாறையின் மேலே என்ன இருக்கிறது என்று நீ கேட்டாய். வெயில் கொளுத்துகிறது, பாறை சுடும், இன்னொரு நாள் கூட்டிப் போகிறேன் என்றேன். பங்குனி வெயிலில் அது உண்மைதான். ஆனால் வெயில் இல்லாத மாதங்களும் ஆண்டுதோறும் வந்து போயின. புதுக்கோட்டையிலிருந்து பதினேழு கிலோமீட்டர் தொலைவில் இருந்த மலைக்கு நான் உன்னை அழைத்துச் செல்லவில்லை. அதற்காக இப்போது மிகவும் வருந்துகிறேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பனி விலகவில்லை. ஒன்பது குன்றுகளில் அருகிலிருந்த இரண்டு மட்டும் தெரிந்தன. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிச் சென்றபோது சிதறிய துண்டுகளே இந்தக் குன்றுகள் என்று ஊரில் சொல்வார்கள். பேரனுக்கு அந்தக் கதையை மலையடியிலேயே சொல்லிவிட வேண்டும். நகரத்தார் மலை என்ற பெயர்தான் மருவி நார்த்தாமலை ஆயிற்று என்பதையும், பல நாடுகளோடு வாணிபம் செய்த ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் இங்கே செல்வாக்கோடு இருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன என்பதையும் அவன் வளர்ந்த பிறகு சொல்லலாம்.

பாதை என்று தனியாக ஒன்றும் இல்லை. வெறும் பாறைச் சரிவில்தான் ஏற வேண்டும். ஆடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர், மழைநீர் வழிந்து கறுத்துப்போன தடங்களில் கால் வைக்காமல் வெளுத்த பாறையிலேயே நடக்கச் சொன்னார். அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதை, ஓரிடத்தில் என் இடது கால் சறுக்கியபோது அறிந்துகொண்டேன். அடி ஒன்றும் படவில்லை, நீ பதற வேண்டாம். பேரனை அந்த இடங்களில் மட்டும் கையைப் பிடித்து நடத்தினால் போதும். மற்றபடி சரிவு அவனுக்கு எளிதாகவே இருக்கும். கோயில் மலையுச்சியில் இல்லை, சரிவில்தான் இருக்கிறது; நின்று நின்று ஏறிய எனக்கே அரை மணி நேரம் ஆகவில்லை.

அம்மா தலையருவி சிங்கம் என்ற சுனை வரை வந்தாள். முழங்கால் அதற்கு மேல் இடம் கொடுக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுனை விளிம்புவரை நிறைந்திருந்தது. அந்த நீரின் அடியில், பாறையில் குடைந்த ஒரு சிறு கருவறையும் அதனுள் ஒரு லிங்கமும் இருக்கின்றன. 1857ஆம் ஆண்டில் புதுக்கோட்டைத் தொண்டைமான் அரசரின் அரசியார் நீரை இறைக்கச் செய்து அந்த லிங்கத்தை வழிபட்டார் என்ற செய்தி அங்கே பாறையிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. அந்த ஈசனுக்கு ஜுரஹரேசுவரர் என்று பெயர், காய்ச்சலைப் போக்குபவர் என்று பொருள். உன் காய்ச்சலுக்காகக் கீழே அத்தனை ஆண்டுகள் பால்குடம் சுமந்தபோது, மேலே தண்ணீருக்குள் இப்படி ஒருவர் இருப்பது எங்களுக்குத் தெரியாது என்று சொன்ன அம்மா, கண்ணில் ஒற்றிக்கொண்ட நீரை உன் பெயரைச் சொல்லித் தன் தலையிலும் தெளித்துக்கொண்டாள். நான் திரும்பி வரும்வரை அங்கேயே அமர்ந்திருந்தாள்.

விஜயாலய சோழீசுவரத்தைப் படங்களில் எத்தனையோ முறை பார்த்திருந்தும், அது இவ்வளவு சிறியது என்று நான் எண்ணியிருக்கவில்லை. சதுரமான சுவருக்குள் வட்டமான கருவறை. சுற்றிலும் இருந்த எட்டுச் சிறு கோயில்களில் இன்று நிற்பவை ஆறு. வாயிலில் இருக்கும் ஒரு கல்வெட்டைப் பற்றி உனக்குச் சொல்லியாக வேண்டும். சாத்தன் பூதி என்னும் இளங்கோவதியரையர் கட்டிய கற்றளி, அதாவது கற்கோயில், மழையால் இடிந்ததையும், மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுக்கியதையும் அது கூறுகிறது. இந்தக் கோயிலைச் சோழர் கணக்கில் வைப்பதா, முத்தரையர் என்ற சிற்றரசர்கள் கணக்கில் வைப்பதா என்று அறிஞர்கள் வாதிடுவதை நீயும் படித்திருப்பாய். எனக்கு நேற்று அந்த வாதத்தைவிட மல்லன் விடுமன்தான் பெரியவராகத் தோன்றினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இதே கார்த்திகை மழை இதே பாறையில் வழிந்திருக்கிறது. இடிந்ததைப் பார்த்துவிட்டு ஒருவர் கல்லை மறுபடியும் மேலே ஏற்றியிருக்கிறார். புதிதாக வேறொன்றைத் தன் பெயரில் கட்டிக்கொள்ளாமல், முதலில் கட்டியவர் பெயரையும் கல்லில் நிற்கச் செய்திருக்கிறார்.

கோயில் மேற்கு நோக்கியது. அதற்கு எதிரே கிழக்கு நோக்கிய பாறையில், அதைக் குடைந்தே அமைத்த கோயில்களாகிய இரண்டு குடைவரைகள் உள்ளன. ஆகவே காலையில் கோயிலின் முகப்பு நிழலில் கிடக்க, வெயில் குடைவரைகளின் மேல் விழுகிறது. பெரிய குடைவரையைச் சமணர் குடகு என்கிறார்கள். சமணர்க்கு உரியதாக இருந்து, பின்னர் பதினெண்பூமி விண்ணகரம் என்ற திருமால் கோயிலாயிற்று. அதன் முன்மண்டபத்துச் சுவர்களில் பன்னிரண்டு திருமால்கள், ஏறத்தாழ ஆளுயரத்தில், ஒரே வடிவில் நிற்கிறார்கள். நான் போன நேரத்தில் பனி கலைந்து வெயில் மெல்ல உள்ளே நகர்ந்தது. முதலில் ஒரு முகம், பிறகு அடுத்த முகத்தின் பாதி என்று வெளிச்சம் ஏறியதை நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கோ மயில் அகவியதைத் தவிர வேறு சத்தம் இல்லை. பங்குனியில் வந்திருந்தால் இந்த நேரத்தில் பால்குட வரிசையில் நின்றிருப்போம். அதுவும் நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆயினும் நீ ஏங்குகிற அந்தப் பத்து நாட்களைவிட, ஒருவரும் வராத இந்தக் காலைப்பொழுதைத்தான் உனக்கும் பேரனுக்கும் கொடுக்க விரும்புகிறேன். குடைவரைக்கு முன்னால் இடிந்த மண்டபத்தின் அடித்தளத்தில் யானைகளும் யாளிகளும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவை அவன் உயரத்துக்குச் சரியாக இருக்கும். அவன் எண்ணிப் பார்க்கட்டும் என்று, எத்தனை யானைகள் என்பதை நான் எண்ணாமல் வந்துவிட்டேன்.

பயணச்சீட்டு எடுக்கும்போது, பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னதாகவே வந்து சேரும்படி பார்த்துக்கொள். காணும் பொங்கலன்று மலைக்கு ஆட்கள் வருவார்கள். காலை ஐந்தரைக்கெல்லாம் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். ஒன்பது மணிக்குள் இறங்கிவிட்டால் மார்கழியிலும் பாறை சுடுமுன் நிழலுக்கு வந்துவிடலாம். மேலே குடிநீர் கிடைக்காது, கடையும் இல்லை. அம்மா இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டாள். அதைச் சுனையோரத்தில் அவளோடு அமர்ந்து சாப்பிடலாம்.

அங்கே பிள்ளைகள் அணிகிற வழவழப்பான அடிப்பாகம் கொண்ட காலணி இந்தப் பாறைக்கு உதவாது. பேரனின் பாதத்தை ஒரு தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, அளவுகோலோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பு. பாறையைப் பற்றிப் பிடிக்கிற செருப்பாகப் பார்த்து இங்கேயே வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா