வாட்டர் கூலிங்: அறைச் சூட்டைச் சொல்லாமல் விட்ட கட்டுரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வது பற்றி உங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்துக்குத் தமிழ் நாளிதழில் ஒரு முழுப் பக்கம் கொடுத்ததற்கு முதலில் நன்றி. ஆனால் வாட்டர் கூலிங் (தண்ணீர் ஓட்டிச் சூட்டைத் தணிப்பது) போட்டுவிட்டால் பயமில்லாமல் ஓவர்கிளாக் செய்யலாம், அதாவது பிராசஸரைக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டலாம் என்று அதில் எழுதியிருந்ததை அப்படியே விட மனசு வரவில்லை. பிளஸ் டூ முடித்த பையன் அதை அப்பாவிடம் காட்டி, ரிச்சி தெருவுக்குப் போய் ஆயிரக்கணக்கில் செலவழித்து ரேடியேட்டரும் பம்பும் வாங்கி வந்துவிடுவான். அப்புறம் மே மாதம் வரும்.

தண்ணீர் சூட்டை இல்லாமல் ஆக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. பிராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் வாட்டர் பிளாக்கில் சூட்டை வாங்கி, ரேடியேட்டருக்குக் கொண்டுபோய், ஃபேன் இழுக்கும் காற்றிடம் கொடுத்துவிடுகிறது. அதே கொள்ளளவு காற்றைவிட மூவாயிரம் மடங்குக்கு மேல் சூட்டை உள்வாங்கும் என்பதால் அந்த வேலைக்குத் தண்ணீரை அடித்துக்கொள்ள ஆளில்லை, சரி. ஆனால் ரேடியேட்டருக்குக் கிடைப்பது அந்த அறையின் காற்றுதான், அதைவிடக் குளிர்ச்சியாகத் தண்ணீர் ஒருநாளும் ஆகாது. வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் அளவுகள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் எடுத்தவை. அங்கே பிராசஸர் 70 டிகிரி காட்டினால், ஏசி இல்லாத நம் மொட்டைமாடி அறையில், மதியம் 38 டிகிரி இருக்கும்போது, அதே செட்டப் 86, 88 காட்டும். இன்டெலின் பல பிராசஸர்கள் 100 டிகிரியிலும், ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவை 95 டிகிரியிலும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆக, பணம் கொடுத்து ஏற்றிய வேகம் வெயில் காலத்தில் கையில் நிற்காது.

இன்னொன்றையும் கட்டுரை தொடவில்லை. இன்டெலின் ஐ9-14900கே பிராசஸர் முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும், ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டு 450 வாட் வரை. இரண்டும் சேர்ந்து ஓடினால், கதவு சாத்திய பத்துக்குப் பத்து அறையில் இஸ்திரிப் பெட்டியை ஆன் செய்துவிட்டுப் போன மாதிரி. வாட்டர் கூலிங் இந்தச் சூட்டில் ஒரு வாட்டைக்கூடக் குறைக்காது. ஏசி போட்டால் அதையும் வெளியே தள்ள இன்னும் கொஞ்சம் கரண்ட்.

சரி, ஓவர்கிளாக் விஷயத்துக்கு வருகிறேன். 1998-ல் இன்டெலின் செலரான் 300ஏ பிராசஸர் வந்தபோது, பஸ் வேகத்தை (மதர்போர்டு பிராசஸருக்குக் கொடுக்கும் அடிப்படை வேகம்) 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினாலே 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-ல் ஓடியது. கிட்டத்தட்ட இலவசமாக ஒன்றரை மடங்கு வேகம்! அந்தக் காலத்துப் பேச்சுதான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு நிலைமை வேறு. 14900கே தொழிற்சாலையிலிருந்தே 6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும்படிதான் வருகிறது, பிழியக்கூடியதைக் கம்பெனியே பிழிந்துவிட்டது. அதற்கு மேல் போக வோல்டேஜ் ஏற்ற வேண்டும், வோல்டேஜோ வர்க்கக் கணக்கில் சூட்டைக் கூட்டும், அதாவது வோல்டேஜ் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. 1.20 வோல்ட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் ஓடுவதை 1.35 வோல்ட் கொடுத்து 5.3-க்கு ஏற்றுகிறீர்கள் என்று வையுங்கள்: வேகம் 6 சதவீதம் கூடும், சூடு சுமார் 34 சதவீதம் கூடும். 4கே திரையில் விளையாடுகிறவருக்கு அந்த 6 சதவீதமும் கண்ணில் படாது, அங்கே வேலை முழுக்க கிராஃபிக்ஸ் கார்டுக்குத்தான்.

வோல்டேஜ் என்ன செய்யும் என்பதை 2024-ல் எல்லோரும் பார்த்தோம். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பல, அளவுக்கு மீறிய வோல்டேஜால் தேய்ந்துபோய், கேம் நடுவிலேயே கிராஷ் ஆகின. ஆகஸ்டில் மைக்ரோகோடு (பிராசஸருக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) திருத்தம் வந்தது, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தார்கள். ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சிப்பைத் திருத்தம் சரிசெய்யவில்லை. அந்தத் திருத்தம் வந்து சேரும் பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யுங்கள் என்ற ஒரு வரியாவது கட்டுரையில் இருந்திருக்க வேண்டும்.

நான் வாட்டர் கூலிங்கே கூடாது என்று சொல்லவில்லை. எனக்கு உயிர் அது. நல்ல 360 மி.மீ. ரேடியேட்டரில் ஃபேன்கள் மெதுவாகச் சுற்ற, ராத்திரி சத்தமே இல்லாமல் ஓடும் மெஷின் அருமையான விஷயம். வோல்டேஜை ஏற்றாமல் இறக்கிப் பாருங்கள் என்கிறேன். அதே வேகத்தை 1.25-க்குப் பதில் 1.15 வோல்ட்டில் ஓட வைத்தால் சூடு 15 சதவீதம் குறையும். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் சினிபெஞ்ச், பிரைம்95 போன்ற சோதனை மென்பொருள்களை ஓட்டி, மெஷின் தாங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். நம் ஊர் வெயிலுக்குப் பொருத்தமான ட்யூனிங் இதுதான்.

குழாய், ஃபிட்டிங் எல்லாம் தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பவர்களுக்குத்தான் கட்டுரை ரொம்பக் குறை வைத்துவிட்டது. செம்பு பிளாக்கோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்கவே கூடாது, அலுமினியம் அரித்துப்போகும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், கேன் தண்ணீரும் வேண்டாம், அதிலும் உப்பு உண்டு. டிஸ்டில்டு வாட்டர், அல்லது இதற்கென்றே விற்கும் கூலண்ட். தண்ணீர் ஊற்றியதும் எல்லாவற்றையும் ஆன் செய்துவிடக் கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் பெட்டி) பம்புக்கு மட்டும் கரண்ட் கொடுத்து, மற்ற எல்லா வயரையும் கழற்றி வைத்து, ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கு அடியிலும் டிஷ்யூ பேப்பர் விரித்து, கேபினெட்டை முன்னும் பின்னும் மெல்லச் சாய்த்தால், ரேடியேட்டரில் சிக்கிய காற்றுக் குமிழ்கள் சலசலவென்று டேங்குக்கு ஏறி வரும். ஒரு நாள் முழுக்க அப்படியே ஓட விட்டு, எந்தப் பேப்பரிலும் ஈரம் இல்லை என்று பார்த்த பிறகுதான் மதர்போர்டுக்குக் கரண்ட். ரெடிமேடாக வரும் மூடிய கூலர் என்றால் இந்த வேலை இல்லை, ஆனால் பம்பைவிட ரேடியேட்டரின் மேல்முனை உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று பம்பில் போய்த் தங்கும். டேங்கில் ஐஸ் போடலாம் என்று சில பையன்கள் கிளம்புகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் பிளாக் 25 டிகிரிக்குக் கீழே போனாலே வெளியே வியர்த்து, மதர்போர்டில் சொட்டும்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருந்தீர்கள். அதில் தரும் ஒவ்வொரு டிகிரிக்கும் பக்கத்தில் அறையின் சூடு என்ன என்பதையும் அச்சிடுங்கள். லீக் டெஸ்ட் செய்யும் முறையைப் படங்களோடு போடுங்கள். ஓவர்கிளாக் செய்து கெட்டுப்போனால் இன்டெலோ ஏஎம்டியோ வாரண்டி தராது என்பதையும் பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள், பணம் கட்டும் பெற்றோரும் அந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
வாசகர், குரோம்பேட்டை, சென்னை