நரம்பு தைக்க ஆறு மாதம் பொறுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வந்த நரம்புக் காயக் கட்டுரையில், 'அறுந்த நரம்பு தானே வளரும். ஆறு மாதம் பார்த்துவிட்டுத் தைக்கலாம்' என்ற வரி இருக்கிறது. ரப்பர் பால்வெட்டும் பனையேற்றும் நடக்கிற நம் மாவட்டத்தில் இந்த வரியை நம்பி ஒருவர் காத்திருந்தால் கை போய்விடும்.

நரம்பு வளரும் என்பது உண்மை, நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். ஆனால் வளர்ந்தால் மட்டும் போதாது. ஒரு தசை நாரின் மேற்பரப்பில் நரம்பு முனை வந்து அமரும் இடம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த இடத்தின் அடையாளம் நரம்பிலும் இல்லை, தசைச் செல்லிலும் இல்லை. தசை நாரைச் சுற்றியிருக்கும் அடிச்சவ்வு என்ற மெல்லிய உறையில் இருக்கிறது. நரம்பு முனைக்கும் தசைக்கும் இடையே உள்ள 50 நானோமீட்டர் இடைவெளியிலும் இதே உறைதான் ஓடுகிறது.

1978இல் சேன்ஸ், மார்ஷல், மெக்மஹான் மூவரும் தவளையின் மார்புத் தசையில் இதை நிரூபித்தார்கள். தசை நார்களைச் சிதைத்து, மீண்டும் முளைக்காதபடி எக்ஸ் கதிர் பாய்ச்சினார்கள். நரம்பையும் நசுக்கினார்கள். மிஞ்சியது வெறும் உறை. திரும்பி வந்த நரம்பு, தசையே இல்லாத அந்த உறையில் பழைய இடத்துக்கே போய் நின்று, தசைக்குச் செய்தி சொல்லும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலினை வெளியிடும் அமைப்பைக் கட்டிக்கொண்டது. பழைய இடம் எது என்று எப்படித் தெரிந்தது? அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி உறையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குச் சாயமேற்றிப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு பர்டன், சார்ஜென்ட், மெக்மஹான் மூவரும் சோதனையைத் தலைகீழாகச் செய்தார்கள். இம்முறை நரம்பை வரவிடாமல் தசையை மட்டும் முளைக்க விட்டபோது, அசிட்டைல்கோலினைப் பெற்றுக்கொள்ளும் தசைப் புரதங்களான ஏற்பிகள் பழைய இடத்திலேயே குவிந்தன.

குவிப்பது அக்ரின் என்ற புரதம். மின்சாரத் திருக்கை மீனின் மின்னுறுப்பிலிருந்துதான் இதை முதலில் பிரித்தெடுத்தார்கள். நரம்பு முனை சுரக்கும் அக்ரின் உறையில் படிந்து, தசையின் எல்.ஆர்.பி.4 என்ற புரதத்தின் வழியாக மஸ்க் என்ற நொதியைத் தூண்டுகிறது. அதன்பின் ராப்சின் என்ற புரதம் ஏற்பிகளைச் சேர்த்துக் கட்டுகிறது. அக்ரின் இல்லாத எலிக்குட்டி மூச்சுவிட முடியாமல் பிறக்கும்போதே சாகும். உறையிலுள்ள லாமினின் பீட்டா 2 என்ற புரதம் நரம்புப் பக்கத்தைக் கவனிக்கிறது. அது இல்லாவிட்டால் நரம்பைப் போர்த்தியிருக்கும் ஸ்வான் செல்லின் கிளைகள் இடைவெளிக்குள் நுழைந்து நரம்பைத் தசையிடமிருந்து பிரித்துவிடும்.

நரம்பு வரும் வழியும் இதே உறையாலான குழாய்தான். நசுங்கிய நரம்பில் குழாய் முறியாததால் பெரும்பாலான இழைகள் தங்கள் பழைய தசைக்கே திரும்பும். அறுந்த நரம்பில் இழை தவறான குழாயில் புகுந்து, தோலுக்குப் போகவேண்டியது தசைக்கும் தசைக்குப் போகவேண்டியது தோலுக்கும் போய்ச்சேரும். நன்றாகத் தைத்த பிறகும் கையின் நுண்வேலை குறைவது இதனால்தான்.

இனிக் கணக்குக்கு வருவோம். நரம்பு இழந்த தசை 12 முதல் 18 மாதங்களில் நார்த்திசுவாகிப் பயனற்றுப்போகும். சுண்டுவிரல் பக்கம் ஓடும் அல்னார் நரம்பு முழங்கையில் அறுந்தால் உள்ளங்கைத் தசைக்கு 30 சென்டிமீட்டர், அதாவது 10 மாதம். இதில் ஆறு மாதத்தைக் காத்திருப்பில் கழித்தால் என்ன மிஞ்சும்? காத்திருக்கும் காலத்தில் குழாய்களும் சுருங்குகின்றன, ஸ்வான் செல்களும் ஊக்கமிழக்கின்றன. கழுத்தருகே நரம்புக் கொத்து பிய்ந்தால் விரல்வரை 70 சென்டிமீட்டர், கணக்கே கட்டுப்படாது. அதனால்தான் 1994இல் ஓபர்லின் அல்னார் நரம்பின் ஒரு சிறு கற்றையை எடுத்து, பக்கத்திலேயே இருக்கும், முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் தசையின் நரம்போடு இணைத்தார்.

ஆகவே பால்வெட்டுக் கத்தி மணிக்கட்டில் இறங்கினால், தோலை மட்டும் தைத்து அனுப்பும் இடத்தோடு நிறுத்தக் கூடாது. சுண்டுவிரல் நுனி மரத்திருக்கிறதா, விரலிடுக்கில் தாளைப் பிடிக்க முடிகிறதா, கட்டைவிரல் உள்ளங்கைக்கு மேலே எழும்புகிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். சுத்தமான வெட்டு என்றால் சில நாட்களுக்குள் நுண்ணோக்கியில் தைப்பதே நல்லது. இடைவெளி விழுந்தால் இழுத்துத் தைக்கக் கூடாது, இழுப்பில் தையல் பிரியும், தழும்பு வழியை அடைக்கும். காலின் சூரல் நரம்பிலிருந்து ஒட்டுப்போட வேண்டும். பனையிலிருந்து விழுந்த மூடிய காயம் வேறு. அதில் 3, 4 வாரத்தில் தசையின் மின்செயலைப் பதியும் இ.எம்.ஜி. சோதனை எடுத்து, 3 மாதத்தில் மீட்சியின் அறிகுறியே இல்லையென்றால் அறுவைக்குப் போகலாம். அதுவரை மூட்டுகள் இறுகாமல் தினமும் அசைத்துவிட வேண்டும்.

கட்டுரையின் பெட்டிச் செய்தியில், பாம்புக்கடி வாதத்துக்கு, அசிட்டைல்கோலின் சிதையாமல் காக்கும் நியோஸ்டிக்மின் ஊசி என்று பொதுவாகச் சொன்னதும் சரியில்லை. நல்லபாம்பின் நஞ்சு தசைப்பக்கத்து ஏற்பியை அடைப்பது, அங்கே அது உதவும். கட்டுவிரியன் நஞ்சோ நரம்பு முனையையே அழிக்கும். அங்கே அந்த ஊசி பெரும்பாலும் பலிக்காது, விஷமுறிவு மருந்தும் அழிந்த முனையை மீட்காது. ஆனால் உறையும் ஏற்பியும் அப்படியே இருப்பதால் முனை மறுபடி முளைத்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதுவரை, சில நாட்களோ வாரங்களோ, வென்டிலேட்டரை எடுக்கச் சொல்லி உறவினர்கள் அவசரப்படக் கூடாது. இந்த இரண்டு திருத்தங்களையும் அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

உடற்கூறியல் படித்த வாசகர்,
தக்கலை