பொதுப் போர்வெல் போடும் முன்: எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெரியப்பாமார்களுக்கும், மாமன்மார்களுக்கும், போர் வேலையை முன்னின்று பார்க்கும் இளவட்டங்களுக்கும் வணக்கம்.

தலைக்கட்டு வரி போட்டு, மதுரையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கிற நம் பிள்ளைகளிடமும் வசூல் செய்து, மந்தைக்குப் பக்கத்தில் பொதுப் போர் போடுவதாக முடிவு செய்திருக்கிறீர்கள். நல்ல காரியம். உசிலம்பட்டிப் பக்கம் கோடையில் குடத்தோடு அலைவது எப்படி என்று நம்மில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இடம் குறிக்க, உள்ளங்கையில் தேங்காய் வைத்து நடந்து, அது எழுந்து நிற்கிற இடத்தில் நீரோட்டம் என்று சொல்பவருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறீர்கள். அவர் கைகாட்டும் இடத்தில் போர் வண்டியை நிறுத்துவதற்கு முன், அவர் சொல்வது எந்த அளவுக்குப் பலிக்கிறது என்று நாம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

"அவர் பார்த்துக் கொடுத்த இடத்தில் ரெண்டு இன்ச் தண்ணீர் கொட்டுகிறதே" என்கிறீர்கள். கொட்டுவது உண்மைதான். தண்ணீர் வந்த போருக்கு மோட்டார் ரூம் இருக்கிறது, சுற்றித் தென்னை நிற்கிறது, போகிற வருகிறவர் கண்ணில் படுகிறது. தண்ணீர் வராமல் புகையாகப் போன போரை அன்றைக்கே மூடிவிடுகிறோம், கடன் வாங்கிப் போட்டவர் அதைப் பற்றி வீட்டில்கூட வாய் திறப்பதில்லை. பலித்ததை மட்டும் எண்ணினால் யார் பார்த்தாலும் கைராசிக்காரராகத்தான் தெரிவார். யாரையும் கூப்பிடாமல், கரண்ட் கம்பத்துக்குப் பக்கம் என்று வசதி பார்த்துப் போட்ட போர்களிலும் தண்ணீர் வந்திருக்கிறது. அந்தக் கணக்கு எங்கே?

நம் பக்கம் பெரும்பாலும் கெட்டிப் பாறை. மேலே மண், அடுத்து சிதைந்த பாறை, அதற்குக் கீழே கல். மழைத் தண்ணீர் அந்தச் சிதைந்த அடுக்கிலும் கல்லின் வெடிப்புகளிலும் இறங்கித் தேங்குகிறது. துளை நல்ல வெடிப்பில் விழுந்தால் தண்ணீர், தப்பினால் புகை. ஒரே தோட்டத்தில் ஒரு போர் பாய்வதும் இன்னொன்று காய்வதும் இதனால்தான்.

சரி, தேங்காய் ஏன் எழுந்து நிற்கிறது? அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவே இல்லை. உள்ளங்கையில் படுத்திருக்கும் தேங்காய்க்கு விரல்கள் கொஞ்சம் மடங்கினாலே போதும், நிமிர்ந்துவிடும். மடக்குகிறோம் என்பது மடக்குகிறவருக்கே தெரியாது. பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் ஷெவ்ரூல், ஒரு இரும்பு வளையத்தை நூலில் கட்டிப் பாதரசத்துக்கு மேலே பிடித்துப் பார்த்தார். கையை ஆட்டாமலே வளையம் ஆடியது. நடுவில் கண்ணாடித் தகட்டை வைத்ததும் நின்றது. இன்னொருவர் இத்தோடு நம்பியிருப்பார். ஷெவ்ரூல் தம் கண்ணைக் கட்டிக்கொண்டு, தமக்குத் தெரியாமல் தகட்டை வைக்கவும் எடுக்கவும் சொன்னார். இப்போது தகட்டால் எந்த மாற்றமும் இல்லை. அதை 1833-ல் எழுதியும் வைத்தார். கையை ஆட்டியது அவருடைய எதிர்பார்ப்புதான்.

ஜெர்மனியில் காசல் என்ற ஊரில் 1990-ல் நீரோட்டம் பார்க்கிறவர்கள் முப்பது பேர் அளவில் கூடினார்கள். அரை மீட்டர் ஆழத்தில் புதைத்த குழாயில் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சோதனை முறைக்கு அவர்களும் சம்மதித்திருந்தார்கள். முடிவு, காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்தால் வருகிற அளவுக்குத்தான் வந்தது.

நாமும் இதைச் செலவில்லாமல் செய்யலாம். அவர் மந்தையில் நடந்து குறிக்கும் இடங்களில் சுண்ணாம்பு போடுவோம். அப்புறம் துண்டால் கண்ணைக் கட்டி, வேறு வழியாகக் கைபிடித்துக் கூட்டிப் போவோம். அதே இடங்களில் தேங்காய் எழுகிறதா? எத்தனை அடியில் எத்தனை இன்ச் என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தண்ணீர் வராத பிறகு "ரெண்டடி தள்ளிப் போட்டுட்டீங்க", "தீட்டுப் பட்டிருச்சு" என்று சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. எப்படிப் போனாலும் தோற்காத வாக்கை நம்பி ஊர்ப் பணத்தைக் கொடுக்க முடியாது.

அவருக்கு ஒன்றும் தெரியாது என்றும் நினைக்கவில்லை. எந்தக் கிணறு எப்போது வற்றியது, எந்தப் பள்ளத்தில் ஈரம் நிற்கும் என்று ஊர் ஊராகப் பார்த்தவர். அந்த அறிவு தேங்காய் இல்லாமலும் அவரிடம் இருக்கும். அதைக் கேட்டு எழுதிக்கொள்வோம்.

மெஷின் வைத்துப் பார்க்கிறவரையும் இதே கேள்வி கேட்க வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை குறைந்த கட்டணத்தில் மின்தடை ஆய்வு, அதாவது நிலத்தடியில் கரண்ட் எவ்வளவு எளிதாகப் போகிறது என்ற ஆய்வு, செய்து தருகிறது. தரையில் நாலு கம்பி அடித்து, வெளிக் கம்பிகள் இரண்டில் கரண்ட் விட்டு, உள்ளே இருக்கிற இரண்டில் அளக்கிறார்கள். தண்ணீர் நிறைந்த சிதைந்த பாறை கரண்டை எளிதாக விடும், கெட்டிக் கல் விடாது. ஆனால் களிமண்ணும் உப்புத் தண்ணீரும்கூட எளிதாகவே விடும். அதனால் மெஷினும் தவறலாம். எந்த அளவை வைத்து இந்த இடம் என்கிறார், அவர் முன்பு குறித்ததில் எத்தனை பலித்தது என்று கேட்போம்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. நம் ஊரில் இதுவரை போட்ட போர் ஒன்றுவிடாமல் ஒரு நோட்டில் ஏற்ற வேண்டும். யார் பார்த்தது, எத்தனை அடி, எத்தனை இன்ச், எத்தனை வருஷம் ஓடியது, காய்ந்தது எது. எழுதுகிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். வீடு வீடாகக் கேட்க அப்பத்தாமார்களையும் கூட்டிக்கொள்வேன், பழைய கிணறுகளின் கதை அவர்களுக்குத்தான் தெரியும். நோட்டும் மந்தைச் சோதனையும் முடியும் வரை போர் வண்டிக்கு அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். தேதியைத் தள்ளிவைக்க வண்டிக்காரரிடம் பேச வேண்டுமென்றால் நானும் உங்களோடு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பிள்ளை