அந்த ஃபிலிம் ரோல் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

உதிரிபாகத்துக்காக நாங்கள் வாங்கிய பழைய கேமரா ஒன்றுக்குள் கழுவாத ஃபிலிம் ரோல் இருந்தது உங்களுக்குத் தெரியும். கழுவிப் பார்த்தோம், யாரோ ஒரு குடும்பத்தின் படங்கள் வந்தன. உரியவரைத் தேடி அதில் ஒரே ஒரு படத்தை மட்டும் அறிவிப்பாக வெளியிட்டோம். கொஞ்ச நாளிலேயே 'இது விளம்பரத்துக்காகச் செய்த செட்டப்' என்ற பேச்சு கிளம்பிவிட்டது. வெகுகாலமாக எங்களிடம் கேமராவைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர்களே தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். அவர்களுக்கும், கேட்காமல் மனதில் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

சந்தேகப்பட்டவர்கள் மேல் எங்களுக்குத் துளியும் கோபமில்லை. 2021 மார்ச் இறுதியில் ஃபோக்ஸ்வாகன் கார் நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவு தன் பெயரை 'வோல்ட்ஸ்வாகன்' என்று மாற்றப்போவதாக அறிவித்தது. ஏப்ரல் முட்டாள் தின விளையாட்டா என்று நிருபர்கள் கேட்டதற்கு, இல்லை, நிஜம்தான் என்றார்கள். பிறகு விளையாட்டுதான் என்று ஒப்புக்கொண்டார்கள். 2024 பிப்ரவரி 2 அன்று நடிகை பூனம் பாண்டே கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்துவிட்டதாக அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்திலேயே செய்தி வந்தது. மறுநாள் அவரே வீடியோவில் தோன்றி, விழிப்புணர்வுக்காகச் செய்ததாகச் சொன்னார். அந்த நோய்க்குத் தாயையோ அக்காவையோ பறிகொடுத்தவர்கள் அதைப் பார்த்து என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் மனது கொதிக்கிறது. இத்தனையும் பார்த்த பிறகு, எங்கள் அறிவிப்பைக் கண்டதும் 'இதுவும் அப்படித்தானோ' என்று கேட்காமல் எப்படி இருப்பீர்கள்?

சரி, கேள்விகளுக்கு வருகிறோம்.

பலரும் கேட்டது, இவ்வளவு பழைய ரோலில் படம் வருமா என்பதைத்தான். கறுப்பு வெள்ளை ஃபிலிம் என்றால் வர வாய்ப்புண்டு. ஒளி பட்டதும் ஃபிலிமில் இருக்கும் வெள்ளி உப்பில் உண்டாகும் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கழுவும் நாள்வரை பல பத்தாண்டுகள்கூடத் தாக்குப்பிடிக்கும். 1897இல் பலூனில் வட துருவத்துக்குக் கிளம்பிய ஸ்வீடன் நாட்டு ஆந்த்ரேயும் அவருடைய இரண்டு தோழர்களும் திரும்பி வரவேயில்லை. 1930இல் ஆர்க்டிக் தீவு ஒன்றில் அவர்களுடைய உடல்கள் கிடைத்தபோது ஃபிலிமும் கிடைத்தது. 33 ஆண்டுகள் பனியில் கிடந்த 240 படங்களில் 93 படங்களை மீட்டார்கள்.

எங்களுக்குக் கிடைத்த ரோலிலும் எல்லாம் தப்பவில்லை. சுருளின் வெளிச்சுற்றில் இருந்த படங்களில் மூட்டம் படிந்து முகமே தெரியவில்லை. நெகட்டிவின் ஓரத்தில் தயாரித்த நிறுவனத்தின் பெயரும் எண்களும் இருக்கின்றன. அவை தொழிற்சாலையிலேயே ஒளியால் பதிக்கப்பட்டு, கழுவும்போது படத்தோடு சேர்ந்து வெளிவருபவை. படத்தின் மேல் இருக்கும் அதே மூட்டம் அந்த எழுத்துகளின் மேலும் தொடர்கிறது. அதாவது, மூட்டம் நாங்கள் படத்தில் பின்னால் சேர்த்ததல்ல, ஃபிலிமிலேயே இருப்பது. வெளியிட்ட அந்த ஒரு படத்தின் நெகட்டிவைத் தனியாக வைத்திருக்கிறோம். யார் வந்தாலும் அடியிலிருந்து ஒளி வரும் லைட் பாக்ஸில் வைத்து, பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டுகிறோம்.

பழைய ரோல் ஒன்றைத் தேடிப்பிடித்து இப்போது படமெடுத்திருக்கலாமே என்றும் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. நெகட்டிவை மட்டும் காட்டி அதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. படத்தில் இருப்பவர்களோ அவர்களுடைய பிள்ளைகளோ வந்தால்தான் அது தீரும்.

மற்ற படங்களை நாங்கள் வெளியிடாததற்கும் காரணம் அதுதான். எல்லாவற்றையும் காட்டிவிட்டால் யார் வேண்டுமானாலும் வந்து 'என் வீட்டுப் படம்' என்று சொல்லலாம். ஏற்கெனவே ஒருவர் வந்து, அது தன் பெரியப்பா குடும்பம் என்று உறுதியாகச் சொன்னார். வெளியிட்ட படத்தில் இருக்கும் அம்மா அடுத்த படத்தில் யார் பக்கத்தில் நிற்கிறார் என்று கேட்டோம். அவரால் சொல்ல முடியவில்லை. காட்டினால் உரியவரைக் கண்டுபிடிக்க வழியில்லாமல் போகும். காட்டாவிட்டால் உங்கள் சந்தேகம் நிற்கும். எங்கள் பெயருக்கு வந்த சந்தேகத்தை நாங்கள் தாங்கிக்கொள்கிறோம். தவறான கைக்குப் போன படங்கள் திரும்பி வராது. அப்புறம், அவை அந்தக் குடும்பத்தின் வீட்டுக்குள் நடந்தவை. ஊருக்குக் காட்டலாமா என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லையே.

அந்தப் படத்தை வைத்துத் தள்ளுபடியோ போட்டியோ அறிவிக்கமாட்டோம், பிரிண்ட் போட்டு விற்கவும்மாட்டோம். இனி வரும் அறிவிப்பில் கடையின் பெயர் இருக்காது, தொடர்பு எண் மட்டும்தான் இருக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். எங்களுக்காகப் பரிந்து பேசிச் சந்தேகப்பட்டவர்களைத் திட்ட வேண்டாம். படத்தில் இருக்கும் குழந்தையின் முகத்தைப் பெரிதாக்கி, இன்னார்தான் என்று ஊகிக்கவும் வேண்டாம்.

உரியவர்கள் நேரில் வர முடியாவிட்டாலும் பரவாயில்லை. அன்று எடுத்த மற்ற படங்களில் நினைவிருப்பதை, அரைகுறையாக இருந்தாலும், எழுதி அனுப்புங்கள். பொருந்தினால் நெகட்டிவ், பிரிண்ட், கேமரா மூன்றையும் பணம் வாங்காமல் ஒப்படைத்துவிடுவோம். கண்டுபிடித்துவிட்டோம் என்று ஊருக்குச் சொல்வதா வேண்டாமா என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். வேண்டாம் என்றால் நாங்களும் சொல்லமாட்டோம்.

இப்படிக்கு,
கேமரா பழுதுபார்க்கும் உங்கள் கடையினர்