பாம்பன் பழைய பாலத்தின் தூக்குப் பகுதியை அறுக்கும் முன் அளந்து பாருங்கள்

தெற்கு ரயில்வே பொது மேலாளர் அவர்களுக்கும், பாம்பன் பழைய பாலத்துக்குப் பொறுப்பான பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்டு, நூறாண்டுக்கு மேல் உப்புக்காற்றைத் தாங்கிய அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்தியது சரியான முடிவு. 2025 ஏப்ரலில் புதிய பாலமும் வந்துவிட்டது. இரண்டு கிலோமீட்டர் நீளப் பழைய பாலத்தை அப்படியே கடலில் வைத்துப் பராமரியுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது பண விரயம். பாலத்தை அகற்றும்போது, கப்பல்களுக்கு வழிவிட இரு பாதிகளாக உருண்டு மேலே திறக்கும் நடுப் பகுதியான ஸ்கெர்சர் தூக்குப் பகுதியை மட்டும் கரையில் காட்சிக்கு வைக்க முடியுமா என்பதைப் பற்றியே எழுதுகிறேன்.

ரயிலைத் தாங்கத் தகுதியில்லை என்ற முடிவை, கரையில் காட்சிக்கு நிற்கவும் தகுதியில்லை என்ற பொருளில் எடுத்துக்கொள்ள முடியாது. சக்கரங்கள் ஓயாமல் கடப்பதால் வரும் அதிர்வும் விரிசலும் இல்லாதபோது, அந்த எஃகு தாங்க வேண்டியவை தன் எடையும் காற்றும்தான். ஆகவே இந்தப் புதிய சுமைக்கு ஏற்ப ஒவ்வொரு உறுப்பையும் தனியாக மதிப்பிட வேண்டும்.

கண்ணால் பார்த்துச் செய்யும் மதிப்பீடு இங்கே உதவாது. வெளியே செதில் செதிலாக உரியும் தகடு உள்ளே திடமாக இருக்கலாம். பெயின்ட் பளபளக்கும் இணைப்பில், ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் ஆணி) அடித்து ஒட்டிய இரு தகடுகளுக்கிடையே உப்புநீர் புகுந்து, துரு பருத்து, தகடுகளையே வளைத்து ரிவெட் தலைகளைத் தெறிக்கச் செய்திருக்கலாம். துருவைச் சுரண்டி, வெறும் உலோகத்தின் தடிமனை மீயொலிக் கருவியால் அளந்து, எஞ்சிய குறுக்குவெட்டை மூல வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். தண்ணீர் தேங்கும் அடிப்பகுதி மூலைகளிலும் தூக்குப் பகுதி உருளும் வளைவுகளிலும் அளவுகள் நெருக்கமாக எடுக்கப்பட வேண்டும். அக்கால எஃகு இன்றைய வெல்டிங்குக்கு ஒத்துவருமா என்பதையும் மாதிரித் துண்டு எடுத்துச் சோதித்த பிறகே சொல்ல முடியும். ஒத்துவராவிட்டால், அரித்த தகட்டை மாற்றி, இறுக்குப் போல்ட்டால் பிணைக்கலாம். புதுப் பூச்சுக்கு முன் எஃகின் குழிகளில் தங்கிய உப்பை நன்னீரால் கழுவாவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த பெயின்டும் சில பருவங்களில் கொப்புளிக்கும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கிறதா என்று முன்கூட்டியே சோதித்து, சுரண்டிய தூள் மன்னார் வளைகுடாவில் விழாதபடி திரை கட்டியே வேலை செய்ய வேண்டும்.

முடியாத வேலை என்று சொல்வோருக்கு உங்கள் துறையின் வரலாறே பதில் சொல்கிறது. 1964 டிசம்பர் புயலில் பெரும்பாலான கர்டர்கள் (தண்டவாளத்தைத் தாங்கும் எஃகு உத்திரங்கள்) கடலில் விழுந்தும் தூக்குப் பகுதி தப்பியது. மூழ்கிய கர்டர்களை மீட்டு மீண்டும் பொருத்தி, ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலத்தில் ரயிலை ஓட வைத்தது இதே ரயில்வேதான்.

ஆகவே, கேஸ் கட்டரைக் கொண்டு அறுக்கும் முன், ஒவ்வொரு உறுப்புக்கும் எண்ணிட்டு, ரிவெட்டுகளை மட்டும் நீக்கிப் பிரிக்க உத்தரவிடுங்கள்; தடிமன் அளவீடுகளை வெளியிடுங்கள். எஃகில் பெரும்பகுதி மீளாது என்று அந்த அளவீடுகளே காட்டினால், உருளும் வளைவுகளையும் எதிர் எடையையும், ஊழியர்கள் கையால் தள்ளிப் பாலத்தைத் திறந்த நெம்புகோல் அமைப்பையுமாவது மண்டபம் கரையில் நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு கட்டுமானப் பொறியாளர்